முட்டை ஓடு எத்தனை தடவை உழைக்கும்?

பட்டர்வொர்த்தில் பலகாரம் போட்டு விற்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அண்ணா, வாரத்துக்கு ஏறக்குறைய 50 கிலோ பழைய எண்ணெய் எங்களிடம் மிஞ்சுகிறது. முறுக்கு, பக்கோடா, ஓமப்பொடி எல்லாம் பொரித்த எண்ணெய். இப்போது லோரிக்காரர் வந்து வாங்கிப் போகிறார். படிவம் ஐந்து படிக்கும் என் மகள், முட்டை ஓட்டை வினையூக்கியாகப் போட்டு அதை பயோடீசலாக மாற்றிக் காட்டுகிறேன், பள்ளி அறிவியல் போட்டிக்கு அதுதான் என்கிறாள். நன்றாக வந்தால் எங்கள் வேனுக்கே ஊற்றலாமா? குப்பையிலிருந்தே வினையூக்கி, குப்பையிலிருந்தே எரிபொருள், இனி எல்லாம் இதுதான் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?"

தங்கச்சி, வேன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊற்ற வேண்டாம். காரணம் பின்னால் வரும். ஆனால் மகள் அந்தப் பரிசோதனையைக் கட்டாயம் செய்யட்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யட்டும். உங்கள் அடுப்படியில் மட்டும் வேண்டவே வேண்டாம். நான் பிறைப் பக்கம் எண்ணெய், கொழுப்பு சார்ந்த ஆலைகளில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், மகளும் படிக்கட்டும்.

என் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தார். ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலையை எரித்த சாம்பலை ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கி வைத்திருப்பார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டியில் அந்தச் சாம்பலைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தேங்காய் நாரால் தேய்ப்பார். முதலில் கரகரவென்று இருக்கும். தேய்க்கத் தேய்க்க விரலுக்கு ஒரு வழுவழுப்பு தட்டும். அந்த வழுவழுப்பு சோப்பு. குலைச் சாம்பலில் பொட்டாசியம் நிறைய உண்டு. தண்ணீர் பட்டதும் அது காரமாகி, சட்டியில் இருக்கும் எண்ணெயைப் பிடித்து அங்கேயே சோப்பாக்கிவிடுகிறது.

உங்கள் மகள் செய்யப் போவதும் இதற்குப் பக்கத்து வீட்டு வேலைதான். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசரின் துண்டு, அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமில வால்கள். காரம் அந்த வால்களை அறுத்துவிடும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால், அறுந்த வாலோடு காரமே போய் ஒட்டிக்கொண்டு சோப்பாகிவிடும். காரம் செலவாகிவிட்டது, திரும்பி வராது. தண்ணீருக்குப் பதிலாக மெத்தனால் இருந்தால் கதை வேறு. அறுந்த வாலை மெத்தனால் வாங்கிக்கொண்டு மெத்தில் எஸ்டராகிவிடும், அதுதான் பயோடீசல். காரம் கை கழுவிவிட்டு அடுத்த வாலை அறுக்கப் போய்விடும். தன்னைச் செலவழிக்காமல் வேலையை முடித்துத் திரும்பி வருவதால்தான் அதை வினையூக்கி என்கிறோம். திரும்பி வருகிறதா இல்லையா, இது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் எழுதுவது எல்லாமே இதைச் சுற்றித்தான்.

சரி, முட்டை ஓட்டுக்கு வருவோம். முட்டை ஓட்டில் நூற்றுக்கு 94, 95 பங்கு கால்சியம் கார்பனேட். அதை 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கரியமில வாயு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். இது நமக்குப் புதுசு இல்லை. ஊரில் கிளிஞ்சலைச் சூளையில் போட்டுச் சுட்டார்களே, அதே பொருள்: சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, நீறிப்போய், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பாகிறது. முட்டை ஓடு, கெராங் சிப்பி ஓடு, நண்டு ஓடு, கிளிஞ்சல் எதைச் சுட்டாலும் கடைசியில் கையில் வருவது ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சேற்று நண்டின் ஓட்டைச் சுட்டு, அதை வைத்துச் செம்பனை எண்ணெயை பயோடீசலாக மாற்றி, 2009ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். கடையில் வாங்கும் சுத்தமான கால்சியம் ஆக்சைடு செய்யும் வேலையை நண்டு ஓடும் அப்படியே செய்தது என்று காட்டினார்கள். 11 தடவை வரை திரும்பப் பயன்படுத்த முடிந்தது என்றும் எழுதியிருந்தார்கள். இந்த 11 என்ற எண்தான் என்னைக் கவர்ந்தது. ஓடு எங்கிருந்து வந்தது என்பதைவிட அது முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

ஆலைகளில் இப்போது என்ன நடக்கிறது? பெரும்பாலும் சோடியம் மெத்தாக்சைடு. மெத்தனாலில் கரைத்து ஊற்றுவார்கள். 60 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அப்புறம் அதை எண்ணெயிலிருந்து திரும்ப எடுக்க வழியில்லை, கரைந்துபோய் இருக்கிறது. அமிலம் ஊற்றி அடக்க வேண்டும், டீசலைத் தண்ணீரால் கழுவ வேண்டும், கிளிசரினில் உப்பு சேரும், கழுவிய தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது வினையூக்கி வாங்க வேண்டும். ஆக, தொழிற்சாலையைப் பொறுத்தவரை அது திரும்பி வராத வினையூக்கி. அதனால்தான் திடமான வினையூக்கி வேண்டும் என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். தேத்தண்ணி வடிகட்டுவது போல வடிகட்டி எடுத்து அடுத்த சட்டிக்குப் போட்டுவிடலாம், கழுவும் தண்ணீர் குறையும், கிளிசரினும் சுத்தமாக வரும். அழகான யோசனை. நானும் அதில் நம்பிக்கை உள்ளவன்தான்.

இப்போது உங்கள் 50 கிலோ எண்ணெயை வைத்துக் கணக்குப் போடுவோம். கரையும் காரத்தைப் போட்டால், வழக்கமான அளவில் 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே மெத்தனால் வேண்டும், அதாவது 14 லிட்டர். அதில் பாதிதான் வினையில் சேரும், மீதிப் பாதி வினையை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவதற்காக ஊற்றுவது. 5 கிலோவுக்கு மேல் கிளிசரின் அடியில் இறங்கும். நண்டு ஓட்டு ஆய்வில் அவர்களுக்குச் சரியாக வந்த அளவோ எண்ணெயின் எடையில் பாதி மெத்தனால், 5 விழுக்காடு வினையூக்கி. உங்கள் எண்ணெய்க்கு அப்படியே போட்டால் 25 கிலோ மெத்தனால், இரண்டரை கிலோ சுட்ட ஓடு. மெத்தனால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது, பாருங்கள். திடமான தூள், எண்ணெய், மெத்தனால் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காதவை. அதைச் சமாளிக்கத்தான் இவ்வளவு மெத்தனால். மிஞ்சியதையெல்லாம் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுக்க வேண்டும், அதற்கும் வெப்பம் செலவாகும். நம் நாட்டில் மெத்தனால் லாபுவானில் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. ஆகவே அது செடியிலிருந்து வந்ததும் இல்லை.

அடுத்து அந்த இரண்டரை கிலோ சுட்ட ஓடு. அதற்கு நாலரை கிலோவுக்கு மேல் காய்ந்த முட்டை ஓடு வேண்டும். ஒரு முட்டையின் ஓடு 5, 6 கிராம்தான், ஆக 800 முட்டைக்கு மேல் உடைத்தாக வேண்டும். அதைச் சுடும்போது ஓட்டிலிருந்தே ஏறக்குறைய 2 கிலோ கரியமில வாயு வெளியேறும். 900 டிகிரி உலைக்கு எரிக்கும் மின்சாரமோ எரிவாயுவோ இந்தக் கணக்கில் சேரவில்லை. இதை ஒரே தடவை பயன்படுத்திவிட்டுக் கொட்டினால், முட்டை ஓடு குப்பையிலிருந்து வந்தது என்பதால் மட்டும் அது பசுமையான வினையூக்கி ஆகிவிடுமா? ஆகாது. 11 தடவை உழைத்தால் அந்தச் சுமை 11 பங்காகப் பிரிந்துவிடும். அப்போது பேச்சே வேறு. எந்த வினையூக்கியைப் பற்றி யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விதான்: எத்தனை தடவை உழைத்தது, உழைத்து முடித்ததும் எங்கே போகிறது?

கால்சியம் ஆக்சைடு உழைப்பாளிதான், ஆனால் தொட்டாற்சுருங்கி. சுட்ட சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்து, மேற்பரப்பு மங்கிப் போய்விடும். நம் ஊர் ஈரப்பதத்தில் இதற்கு அதிக நேரம் வேண்டாம். அடுத்தது, அது முழுத் திடப்பொருளாகவும் நிற்பதில்லை. மெத்தனாலிலும் கிளிசரினிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த கால்சியம் டீசலோடு போய்விடும். பயோடீசலுக்கான ஐரோப்பியத் தர விதி இஎன் 14214, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து ஒரு கிலோவில் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு டன் டீசலில் ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, தேன் நிறத்தில் தெளிவாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி உங்கள் எண்ணெயிலேயே இருக்கிறது. ஈரமான மாவும் வெங்காயமும் கொதிக்கும் எண்ணெயில் விழும்போது அதிலிருந்து வரும் நீராவி எண்ணெய் மூலக்கூறை உடைத்துத் தனிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது இது ஏறிக்கொண்டே போகும். இந்த அமிலம் காரத்தைப் பார்த்ததும் பிடித்துச் சோப்பாகிவிடும். பாட்டியின் சட்டிதான். சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் சோப்பு, அது தண்ணீரில்கூடக் கரையாத பிசின் மாதிரி. நண்டு ஓட்டு ஆய்வில் பயன்படுத்தியது பொரிக்காத புது எண்ணெய் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த 11 தடவை உங்கள் பக்கோடா எண்ணெய்க்கு அப்படியே பொருந்தாது.

நான் இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில் ஓர் ஆலையில் ராத்திரி ஷிப்ட். டேங்கர் லோரியில் வந்த பழைய எண்ணெயை இறக்கி, வழக்கம் போல வினை ஓடவிட்டோம். ஒரு மணி நேரம் கழித்துக் கலக்கியை நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் கிளிசரின் கீழே இறங்கி, கண்ணாடிச் சன்னலில் இரண்டு அடுக்காகக் கோடு தெரிய வேண்டும். அன்றைக்குக் கோடு வரவே இல்லை. விளக்கடித்துப் பார்த்தால் காப்பி நிறத்தில் களி மாதிரி ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. விடிவதற்குள் அது இறுகிவிட்டது. உள்ளே இறங்கி வாளி வாளியாக அள்ளிக் கழுவி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. பின்னால்தான் தெரிந்தது, லோரியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. சோதனைக்கு மாதிரி எடுத்தவர் மேலாக மட்டும் மொண்டிருக்கிறார். வினையூக்கி மேல் ஒரு தப்பும் இல்லை. அதற்குப் போட்ட சாப்பாடு சரியில்லை. வினையூக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணெயைப் பற்றிப் பேசுவது குறைவு என்பது அன்றிலிருந்து எனக்கு ஒரு குறையாகவே இருக்கிறது.

உங்கள் எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று மகளே பார்த்துவிடலாம், அதுவும் மஞ்சளை வைத்து. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதே சூத்திரம்: காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஒரு மில்லிலிட்டர் எண்ணெயை 10 மில்லிலிட்டர் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த மஞ்சள் சாற்றில் சில துளி விடட்டும். ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் ஒரு கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்த கரைசலை, சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வர வேண்டும். நிறம் மாறி, கலக்கினாலும் போகாமல் நிற்கும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மில்லிக்கும் ஏறக்குறைய 0.7 விழுக்காடு அமிலம். முதலில் புது எண்ணெய்க்குச் செய்துவிட்டு, அப்புறம் ஒரு நாள் பொரித்தது, மூன்று நாள் பொரித்தது என்று வரிசையாகச் செய்தால் அந்த ஏற்றம் கண்ணுக்கு முன்னால் தெரியும். ஒரு விழுக்காட்டைத் தாண்டினாலே கார வினையூக்கிக்குத் தொல்லை ஆரம்பம்.

அமிலம் அதிகமான எண்ணெய்க்கு அமில வினையூக்கி வேண்டும். கந்தக அமிலம் ஊற்றினால் வேலை நடக்கும், ஆனால் அது இரும்பை அரிக்கும், அதையும் திரும்ப எடுக்க முடியாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு வருகிறது. 2005ல் ஜப்பானில், தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் சாதாரணச் சர்க்கரையை அரைகுறையாகக் கரியாக்கி, அதன்மேல் கந்தக அமிலக் கைகளை ஒட்டவைத்து, ஒரு திட அமிலத்தைச் செய்தார்கள். கறுப்புத் தூள்தான், ஆனால் கொழுப்பு அமிலத்தையே பயோடீசலாக மாற்றியது. அதற்குப் பிறகு சர்க்கரைக்குப் பதில் செம்பனைக் கொட்டை ஓடு, வெறுங்குலை என்று நம் நாட்டில் நிறையப் பேர் முயன்றிருக்கிறார்கள். மலையாகக் குவியும் பொருள்கள் அவை. குலையைக் கரியாக்கினால் அமில வினையூக்கி, முழுதாக எரித்துச் சாம்பலாக்கினால் கார வினையூக்கி. பாட்டியின் டின்னை நினைத்தால் எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான். ஆனால் அந்தக் கரியைச் செய்வதற்கே அடர்ந்த கந்தக அமிலம் வேண்டும். சுற்றுக்குச் சுற்று அந்தக் கைகள் கழன்று மெத்தனாலில் போய்விடுவதும் உண்டு. இங்கேயும் அதே இரண்டு கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

வேனுக்கு ஏன் வேண்டாம் என்றேன்? நிலையத்தில் நீங்கள் ஊற்றும் டீசலிலேயே 2019 முதல் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது. பயோடீசல் கெட்ட பொருள் இல்லை, ஆனால் அது தரம் பார்த்துக் கலந்தது. வீட்டில் செய்ததில் மாறாத எண்ணெய், மிஞ்சிய மெத்தனால், கிளிசரின், கரைந்த கால்சியம் எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழியில்லை. இப்போதைய டீசல் எஞ்சினின் இன்ஜெக்டர் துளைகள் முடியளவு நுண்ணியவை, அடைத்தால் செலவு கையைக் கடிக்கும். உரிமம் இல்லாமல் பயோடீசல் தயாரிக்கவும் கூடாது, அதற்கென்று 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே மெத்தனால். அதன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது, ஆவி தோலிலும் மூச்சிலும் ஏறும், உள்ளே போனால் கண்பார்வை போகும், உயிரும் போகும். 2018ல் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் கலப்பட மதுவால் அத்தனை பேர் இறந்தது இதனால்தான். எண்ணெய்ச் சட்டியும் அடுப்பும் இருக்கும் இடத்தில் 14 லிட்டர் மெத்தனாலை நினைக்கவே எனக்குப் பதறுகிறது.

அப்படியானால் லோரிக்காரர் வாங்கிப் போகும் எண்ணெய் என்ன ஆகிறது? சேகரிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு விற்கிறார்கள். இப்போது அதற்குப் பெரிய கிராக்கி விமானத்திலிருந்து வருகிறது. ஐரோப்பிய விமான நிலையங்களில் ஊற்றும் எரிபொருளில் 2025ல் 2 விழுக்காடு, 2030ல் 6 விழுக்காடு, 2050ல் 70 விழுக்காடு, பழைய எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்த பசுமை வகையாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் அரசின் 2023ஆம் ஆண்டு எரிசக்தி மாற்றத் திட்டம் 2050க்கு 47 விழுக்காடு என்று இலக்கு வைத்திருக்கிறது. ஜொகூர் பெங்கெராங்கில் பெட்ரோனாஸ், இத்தாலியின் எனி, ஜப்பானின் யூக்லினா மூன்றும் சேர்ந்து ஒரு சுத்திகரிப்பு ஆலை கட்ட 2024ல் முடிவு செய்தார்கள். ஆண்டுக்கு 6,50,000 டன் வரை மூலப்பொருளை எடுத்துக்கொள்ளும், 2028ன் இரண்டாம் பாதியில் ஓடத் தொடங்கும் என்பது திட்டம்.

விமானத்துக்குப் பயோடீசல் ஆகாது. செம்பனை பயோடீசல் 15 டிகிரிப் பக்கமே உறையத் தொடங்கிவிடும், விமான எரிபொருளோ மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது. அதனால் அங்கே வேறு வழி: மெத்தனாலுக்குப் பதில் ஹைட்ரஜன். 300லிருந்து 400 டிகிரி வெப்பத்தில், பெரும் அழுத்தத்தில், அலுமினா மணிகளில் பூசிய நிக்கலும் மாலிப்டினமும் எண்ணெயிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி எறியும். மிஞ்சுவது பெட்ரோலிய டீசலைப் போன்ற, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நேரான சங்கிலிகள். அப்புறம் இன்னொரு வினையூக்கி அந்த நேரான சங்கிலிகளைக் கிளைவிட்டு வளைக்கும், வளைந்தவை எளிதில் உறையாது. அதில் பெரும்பாலும் பிளாட்டினம். விலை உயர்ந்த உலோகம், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும், கடைசியில் உருக்கித் திரும்ப எடுத்துவிடுவார்கள். சிலர் பிளாட்டினம் என்றாலே பசுமை இல்லை என்கிறார்கள், முட்டை ஓடு என்றாலே பசுமை என்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அதைவிடப் பெரிய கவலை. இன்றைக்குப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

இந்தப் பெரிய வினையூக்கிக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது உங்கள் கடை வரை நீளும். உப்பு. உப்பில் இருக்கும் சோடியம் வினையூக்கியின் துளைகளை அடைக்கும், குளோரின் உலையின் உலோகத்தையே அரிக்கும். பாஸ்பரசும் அப்படித்தான் அடைக்கும். மாவில் போட்ட உப்பு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் பொரித்த கடலைக்கும் கறிவேப்பிலைக்கும் உப்பு மிளகாய்த் தூள் தூவுவதைச் சட்டிக்கு நேர் மேலே பிடித்துச் செய்யாதீர்கள், தள்ளி வைத்துச் செய்யுங்கள். எண்ணெயை வெதுவெதுப்பாக இருக்கும்போதே துணியில் வடித்து, ஒரு ராத்திரி தெளியவிட்டு, அடிமண்டியை ஒதுக்கிவிட்டுத் தோங்கில், அதாவது பீப்பாயில், ஊற்றுங்கள். தோங்குக்கு மூடி வேண்டும், மழைத் தண்ணீர் ஒரு கிண்ணம் இறங்கினாலும் கெடுதல். கால்வாய்த் தொட்டியில் மிதக்கும் கொழுப்பை அதில் சேர்க்கவே கூடாது. சேகரிக்கும் ஆளுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், ரசீது வாங்கி வையுங்கள்.

ரசீது எதற்கென்றால், இந்தத் தொழிலில் ஒரு கள்ளமும் உண்டு. மானிய எண்ணெய் ஒரு கிலோ பொட்டலம் இரண்டரை வெள்ளி. பழைய எண்ணெய்க்கு அதைவிடக் கூடுதல் விலை கிடைக்கும் காலத்தில், பொட்டலத்தைப் பிரித்துப் பழைய எண்ணெயோடு கலந்துவிட ஆசை வரும். ஏழைக் குடும்பத்தின் அடுப்புக்கு வந்த எண்ணெய், பழையது என்ற பெயரில் கப்பல் ஏறும். அப்புறம் எவ்வளவு நல்ல வினையூக்கியைப் போட்டாலும் அந்த எரிபொருளைச் சுத்தமானது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொரு பக்கம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வழியெல்லாம் பந்தலில் பொரிக்கிறோமே, அந்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டினால் மனம் எவ்வளவு கனக்கிறது! பந்தலுக்கு ஒரு தோங்கு வைத்துச் சேர்த்தால் போதும்.

பிளாஸ்டிக்கையும் இப்படி டீசலாக்கலாமா என்று மகள் அடுத்துக் கேட்பாள். காற்றில்லாமல் 400, 500 டிகிரியில் சுட்டால் பாலிஎத்திலீனும் பாலிபுரொபிலீனும் எண்ணெயாக உடையும், சியோலைட் என்ற களிமண் போன்ற வினையூக்கி போட்டால் இன்னும் சீராக உடையும். ஆனால் கலந்து வரும் குப்பையில் ஒரு துண்டு பிவிசி குழாய் இருந்தாலே ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பிவிடும். பூலாவ் புரோங் குப்பை மேட்டைப் பார்த்தவர்களுக்கு அங்கே எதுவும் பிரித்து வருவதில்லை என்பது தெரியும். பிரிக்காத வரை அது பேச்சளவில்தான்.

மகளுக்கு நான் சொல்லும் திட்டம் இதுதான். ஓட்டின் உள்பக்கத்துத் தோலை உரித்து, கழுவி, காயவைத்துப் பொடிக்கட்டும். தோலோடு சுட்டால் முடி கருகும் நாற்றம் ஆய்வுக்கூடத்தையே காலி செய்துவிடும். 10 கிராம் ஓட்டை உலையில் வைத்தால், முழுதாகச் சுட்டிருந்தால் 5.5 கிராமுக்கு அருகில் மிஞ்சும், ஏழோ எட்டோ இருந்தால் இன்னும் சுட வேண்டும். ஆறியதும் காற்றுப் புகாத குப்பியில் மூடி, அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். ஒரே தூளை வடித்து வடித்து ஐந்து சுற்றுப் போடட்டும், புது எண்ணெயில் ஒரு வரிசை, உங்கள் பழைய எண்ணெயில் ஒரு வரிசை. ஒவ்வொரு சுற்று முடிவிலும் 3 மில்லி டீசலை 27 மில்லி மெத்தனாலில் ஊற்றிக் குலுக்கிப் பார்க்கட்டும். மாறாத எண்ணெய் இருந்தால் மெத்தனாலில் கரையாமல் அடியில் துளியாக இறங்கும், எத்தனை பெரிய துளி என்று குறித்துக்கொள்ளட்டும். கடைசியாக இன்னொன்று. ஒரு சுற்றில் பாதி நேரத்திலேயே தூளை முழுதாக வடித்து எடுத்துவிட்டு, திரவத்தை மட்டும் 60 டிகிரியில் தொடர்ந்து கலக்கிக்கொண்டே இருக்கட்டும். தூள் இல்லாமலே வினை முன்னேறினால், கால்சியம் கரைந்துபோய் அதுதான் உள்ளே வேலை பார்க்கிறது என்று பொருள். நடுவர்கள் எந்தக் கேள்வி கேட்டாலும் அந்த ஒரு குப்பியையும் ஐந்து சுற்று அட்டவணையையும் மேசையில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.